ரிப்பன் பிரபு: ஸ்தல சுயாட்சியை அளக்கும் கோல் எது?

சென்னை மாநகராட்சி கூடும் வெண்ணிற மாளிகைக்கு ரிப்பன் மாளிகை என்று பெயர். அப்பெயருக்கு உரியவர் அந்த மாளிகையைக் கண்ணால் கண்டவரல்லர். 1909-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் தேதி அவர் இங்கிலாந்தில் காலமானார். மாளிகை திறக்கப்பட்டதோ 1913-ஆம் ஆண்டில். அந்நிய ஆட்சியின் சின்னங்களை வெறுத்த நம் தேசபக்தர்களும் இவர் பெயரை மட்டும் வெறுப்பின்றியே உச்சரித்து வந்தனர். அதற்குத் தக்க காரணம் உண்டு.

பழம்பெருமை பேசுவதற்காக நாம் இன்று அவர் வரலாற்றை எடுத்துக்கொள்ளவில்லை. பனியன் தொழிலால் உலகறிந்த திருப்பூரிலும், அதைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம் பகுதிகளிலும், ஸ்தல ஸ்தாபனங்களின் முடிவுகளில் ஜனங்களுக்கு உள்ள பங்கு எவ்வளவு, அதை எந்தக் கோல் கொண்டு அளப்பது என்னும் கேள்வி நம் முன் நிற்கிறது. கிராம சபைக்கு இத்தனை பேர் வந்தனர், இத்தனை தீர்மானங்கள் நிறைவேறின, இத்தனை கையொப்பங்கள் விழுந்தன என்று புத்தகத்தில் எழுதிவிட்டால் ஜனநாயகம் நடந்தேறிவிட்டதாக நாம் திருப்தி கொள்கிறோம். அந்தத் திருப்தி நியாயமானதுதானா என்பதை ஆராய்வதற்கு ரிப்பன் பிரபுவின் வாழ்க்கையைப்போல் உதவும் வாழ்க்கை வேறொன்று அரிது.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜ் ராபின்ஸன் என்பது அவருடைய இயற்பெயர். 1827-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி லண்டனில் டௌனிங் தெரு பத்தாம் எண் இல்லத்தில் பிறந்தார். பிரிட்டிஷ் பிரதம மந்திரிகளின் வாசஸ்தலம் அது. அப்பொழுது அவருடைய தந்தை காட்ரிச் பிரபு பிரதம மந்திரியாக இருந்தார். ஆனால் சில மாதங்களுக்குள் 1828 ஜனவரியில் அப்பதவி போயிற்று. அதிகாரத்தின் உச்சியிலே பிறந்த குழந்தைக்கு, அதிகாரம் எவ்வளவு நிலையற்றது என்பதும் பிறந்த உடனேயே காட்டப்பட்டது போலும்.

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் போகும் புகழ்பெற்ற பள்ளிகளுக்கோ சர்வகலாசாலைகளுக்கோ அவர் அனுப்பப்படவில்லை. வீட்டிலேயே கல்வி பயின்றார். இருபது வயதைத் தாண்டும் சமயத்தில் ஐரோப்பா முழுவதும் புரட்சிக் காற்று வீசியது. இங்கிலாந்தில் தொழிலாளர் தமக்கும் வோட்டுரிமை வேண்டும் என்று பெருங் கிளர்ச்சி செய்தனர். பிரபு குலத்து வாலிபர்கள் பலர் அதைக் கண்டு அஞ்சினர். இவர் அதன்பால் ஈர்க்கப்பட்டார். தொழிலாளருக்கு நியாயம் கோரிய கிறிஸ்தவ சமதர்மிகள் என்னும் கூட்டத்தாருடன் சேர்ந்தார். 1852-இல் இயந்திரத் தொழிலாளரை முதலாளிமார் ஆலைகளுக்கு வெளியே நிறுத்திக் கதவடைத்தபொழுது, தொழிலாளருக்குப் பொருளுதவி செய்தார்.

அதே ஆண்டில் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அரசாளும் காரியத்தில் எல்லா மனிதருக்கும் பங்கு உண்டு என்பது அதன் சாரம். அச்சான அந்நூலை வெளிவராமல் தடுத்தவர் சர்க்கார் அதிகாரி அல்லர். அக்கூட்டத்தின் குருவாக விளங்கிய மாரிஸ் என்னும் பாதிரியாரே அதைத் தடுத்தார். ஏழைகளுக்கு உதவலாம், ஆனால் அவர்கள் கையில் ஆட்சியைக் கொடுத்துவிடலாகாது என்று எண்ணும் நல்லவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அன்று தடுக்கப்பட்ட கருத்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் இந்திய சர்க்காரின் தீர்மானமாக வேறுருவில் வெளிவந்தது என்று நாம் கருதுகிறோம்.

நெசவு நகரங்களின் பிரதிநிதி

1852-இல் ஹல் என்னும் துறைமுக நகரிலிருந்து அவர் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் அடுத்த ஆண்டே அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அவர் பொருட்டு வேலை செய்த ஏஜெண்டுகள் வோட்டர்களுக்கு லஞ்சம் கொடுத்ததாக ருசுவாயிற்று. பெட்டியில் விழுந்த வோட்டின் எண்ணிக்கை ஒன்று, ஜனங்களின் உண்மையான சித்தம் வேறு என்னும் பாடத்தை அவர் தம் சொந்த அவமானத்தின் மூலமே கற்றுக்கொண்டார்.

பிறகு 1853-இல் ஹட்டர்ஸ்பீல்டு நகரம் அவரைத் தன் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தது. 1857 முதல் 1859 வரை யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கு அவர் பிரதிநிதியாக இருந்தார். திருப்பூர் வாசகர்கள் இவ்விடத்தைச் சற்று கவனிக்க வேண்டும். ஹட்டர்ஸ்பீல்டு கம்பளித் துணி நெய்யும் நகரம். லீட்ஸ், பிராட்போர்டு, ஹாலிபாக்ஸ் முதலிய நெசவு நகரங்கள் நிறைந்தது அந்த மேற்குப் பகுதி. இங்கே பனியன் போல அங்கே கம்பளி. ஆலைப் புகை, சாயம் கலந்த ஆறு, வேலை தேடி வந்து குவிந்த குடும்பங்கள், நெருக்கமான வீடுகள் யாவும் அங்கே நிறைந்திருந்தன. அத்துணியை நெய்த தொழிலாளரில் மிகப் பெரும்பாலோருக்கு அன்று வோட்டு இல்லை. நகரத் தொழிலாளருக்கு ஓரளவு வோட்டுரிமை கிடைத்தது 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான். ஒரு நகரத்தின் செல்வத்தை உண்டாக்குவோர் வேறு, அந்நகரத்தின் காரியங்களைத் தீர்மானிப்போர் வேறு என்னும் நிலைமையை ரிப்பன் நேரில் கண்டார்.

தந்தை 1859-இல் மறைந்தபின் அவர் பிரபுக்கள் சபைக்குச் சென்றார். யுத்த மந்திரியாகவும், சில மாதங்கள் இந்தியா மந்திரியாகவும் இருந்தார். 1870-இல் இங்கிலாந்தின் ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறியபொழுது, கல்வி இலாகாவுக்குத் தலைமை வகித்த மந்திரி அவரே. வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் பள்ளிப் போர்டுகளை அச்சட்டம் உண்டாக்கிற்று. பார்லிமெண்டுக்கு வோட்டுப் போடும் உரிமை பெண்களுக்குக் கிட்டுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, இப்போர்டுகளுக்கு வோட்டளிக்கவும் அங்கத்தினராகவும் அவர்களால் முடிந்தது. சிறிய சபைகளில் திறக்கும் கதவுகள் பெரிய சபைகளின் கதவுகளையும் பின்னால் திறக்கச் செய்யும் என்பதற்கு இது ஒரு சான்று.

1874-இல் அவர் ரோமன் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். அதற்காக இங்கிலாந்தின் பிரீமேசன் சங்கத் தலைமைப் பதவியைத் துறந்தார். அவருடைய அரசியல் வாழ்வு முடிந்துவிட்டது என்று பலர் எண்ணினர். ஆனால் 1880-இல் கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதம மந்திரியானதும் ரிப்பனை இந்தியாவின் வைஸ்ராயாக நியமித்தார். கத்தோலிக்கர் ஒருவரை அப்பதவிக்கு அனுப்பலாகாது என்று அங்கே கூச்சல் எழுந்தது. அக்கூச்சலுக்கிடையே அவர் கப்பலேறினார்.

தாது வருஷத்திற்குப் பின்

அவர் வந்து சேர்ந்த தேசம் எந்த நிலையில் இருந்தது? தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நடுக்கத்தோடு நினைவுகூர்ந்த 1876 முதல் 1878 வரையிலான பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கோயம்புத்தூர் ஜில்லாவும், அதிலடங்கிய இன்றைய திருப்பூர்ப் பகுதியும் கொடுமைக்குத் தப்பவில்லை. எந்த ஏரி வற்றியது, எந்த ஊரில் தானியம் தீர்ந்தது என்பதை ஊரார் அறிவர். ஆனால் முடிவு செய்யும் அதிகாரமோ ஊராரிடம் இல்லை. இதுதான் அன்றைய ஆட்சிமுறை.

கொங்கு நாட்டில் கோயம்புத்தூருக்கு 1866-லும் ஈரோட்டுக்கு 1871-லும் முனிசிபாலிட்டி ஏற்பட்டிருந்தது உண்மையே. எனினும் கவுன்சிலர்கள் பெரும்பாலும் சர்க்கார் நியமித்தவர்கள். கலெக்டரின் விருப்பமே சபையின் விருப்பம். வரி கொடுப்பது ஜனங்களின் கடமை, செலவிடுவது அதிகாரிகளின் உரிமை என்று காரியம் நடந்தது.

ரிப்பன் வைஸ்ராயாக இருந்தது நான்கரை ஆண்டுகள். அதற்குள் அவர் செய்தவை பல. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1882-இல் நீக்கினார். சுதேசமித்திரன் தோன்றியதும் அதே 1882-இல்தான் என்பதைத் தமிழர் மறக்கலாகாது. 1881-இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலையில் வேலைக்கு வைக்கலாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேலை கூடாது என்பன அதன் விதிகள். நூறு பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளுக்கே அது பொருந்தும். லங்காஷயர் முதலாளிகள் இந்திய ஆலைகள்மேல் கொண்ட பொறாமையும் அச்சட்டத்திற்குத் தூண்டுகோலாயிற்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆலைக்குள் புகுந்து குழந்தையைக் காக்க ஒரு சட்டம் வந்தது அதுவே முதல் முறை.

1882 மே 18

இவை யாவற்றிலும் தலையானது 1882-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி இந்திய சர்க்கார் வெளியிட்ட ஸ்தல சுயாட்சித் தீர்மானம். ஜில்லாவுக்கு மட்டுமன்றித் தாலூகாவுக்கும் போர்டுகள் வேண்டும். தம் சுற்றுப்புறத்தை நன்கறிந்தவர்களே அங்கத்தினராக வேண்டும். அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. இயன்ற இடங்களிலெல்லாம் தேர்தல் நடக்க வேண்டும். கூடுமானவரை தலைவரும் அதிகாரியல்லாதவராக இருக்க வேண்டும். சர்க்கார் சபைக்கு உள்ளே அமர்ந்து ஆட்டி வைக்காமல் வெளியே நின்று மேற்பார்வை செய்ய வேண்டும். இவையே அதன் முக்கிய அம்சங்கள்.

இவற்றினும் மேலானது அத்தீர்மானத்தின் நோக்கம். சாலை செப்பனிடுவதும் சாக்கடை வெட்டுவதும் இன்னும் திறமையாக நடக்கும் என்பதற்காக இந்த ஏற்பாடு செய்யப்படவில்லை என்று ரிப்பன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். முதலில் சில காலம் காரியங்கள் முன்னைவிடச் சற்றுக் குறைவாகவே நடக்கலாம் என்பதையும் அவர் எதிர்பார்த்தார். ஜனங்கள் தம் காரியத்தைத் தாமே தீர்மானித்துப் பழக வேண்டும், அரசியல் கல்வி பெற வேண்டும், அதுவே தலையாய பயன் என்பது அவர் கொள்கை. நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியாக வேண்டும். இரண்டு வாய் நீர் குடித்தால்தான் என்ன?

ஸ்தல சுயாட்சியை அளக்கும் கோல் இங்கேதான் கிடைக்கிறது. போட்ட சாலையின் மைல் கணக்கால் அதை அளக்கலாகாது. அதை ஒரு திறமைசாலியான கலெக்டரும் போட்டுவிடலாம். முடிவு செய்யும் சக்தி ஜனங்களிடம் எவ்வளவு வளர்ந்தது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். ரிப்பன் இந்தக் கொள்கையை வகுத்தார். ஆனால் அதை அளந்து பார்க்கும் வழியை மாகாண சர்க்கார்களின் கையில் விட்டுவிட்டார். அங்கேதான் வினை விளைந்தது.

தீர்மானத்தின் கதி

மாகாண அதிகாரிகள் முகம் சுளித்தனர். லண்டனிலிருந்த இந்தியா மந்திரி அலுவலகமும் ஆர்வம் காட்டவில்லை. சென்னையில் 1884-ஆம் ஆண்டு ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டமும் ஸ்தல போர்டுகள் சட்டமும் நிறைவேறின. ஜில்லா போர்டு, தாலூகா போர்டு, பெரிய ஊர்களுக்கு யூனியன் பஞ்சாயத்து என்று மூன்று அடுக்குகள் ஏற்பட்டன. காகிதத்தில் கட்டடம் அழகாகவே எழும்பிற்று. ஆனால் ஜில்லா போர்டின் நாற்காலியில் நெடுங்காலம் கலெக்டரே அமர்ந்திருந்தார். வோட்டுரிமையோ சொத்தும் வரியும் உடையோர் சிலருக்கு மட்டுமே. உழவுக் கூலியாள், நெசவாளி, பெண்டிர் ஆகியோருக்கு அதில் இடமில்லை.

ஆண்டுதோறும் அறிக்கைகள் மட்டும் தவறாமல் வெளிவந்தன. கூட்டங்கள் எத்தனை, வந்தோர் எத்தனை பேர், வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பட்டியல்கள் நிறைந்தன. கலெக்டர் சொன்னதற்குத் தலையசைத்த கூட்டமும் ஒரு கூட்டம். அவரை எதிர்த்து வாதாடி வென்ற கூட்டமும் ஒரு கூட்டம். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே இலக்கந்தான். ரிப்பன் மாண்ட அதே 1909-ஆம் ஆண்டில், அதிகாரப் பங்கீட்டை ஆராய்ந்த ராயல் கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. அதிகாரிகளின் மிகுந்த தலையீட்டினாலும், பணக் குறைவினாலும், வோட்டுரிமையின் குறுகலினாலும் ஸ்தல சுயாட்சி வேரூன்றவில்லை என்பது அதன் முடிவு. இருபத்தைந்து ஆண்டுப் பட்டியல்கள் சொல்லாத உண்மை அந்த ஓர் அறிக்கையில் வெளிப்பட்டது.

1883-இல் இல்பர்ட் மசோதா வந்தது. இந்திய நியாயாதிபதிகள் ஐரோப்பியரையும் விசாரிக்கலாம் என்னும் எளிய நீதி அதில் அடங்கியிருந்தது. இங்கிருந்த வெள்ளையர் கொதித்தெழுந்தனர். வைஸ்ராயை அவமதிக்கவும் தயங்கவில்லை. 1884 ஜனவரியில் ரிப்பன் சமரசத்திற்கு இணங்கினார். ஐரோப்பியருக்குத் தம் இனத்தார் பாதியளவு உள்ள ஜூரி கிடைத்தது. இதை அவருடைய தோல்வி என்றே நாம் கூற வேண்டும். ஆனால் சிறு கூட்டமாயினும் திரண்டு நின்று குரலெழுப்பினால் சர்க்கார் பணியும் என்னும் பாடத்தை இந்தியர் அதிலிருந்து கற்றனர். 1884 டிசம்பரில் அவர் விடைபெற்றபொழுது கல்கத்தாவிலும் பம்பாயிலும் திரண்ட ஜனக்கூட்டம் முன்பு எந்த வைஸ்ராய்க்கும் திரண்டதில்லை. சரியாக ஓராண்டில் காங்கிரஸ் மகாசபை பிறந்தது.

வைஸ்ராய் மேயரானார்

தாயகம் திரும்பிய ரிப்பன் கப்பற்படை மந்திரியாகவும் குடியேற்ற நாட்டு மந்திரியாகவும் பணியாற்றினார். அவருடைய பிற்கால வாழ்வில் நம் மனத்தைக் கவர்வது அந்தப் பெரும் பதவிகளல்ல. சுமார் இருபத்தைந்து கோடி ஜனங்களின்மேல் அதிகாரம் செலுத்திய அந்த மனிதர், 1895-லும் 1896-லும் ரிப்பன் என்னும் தம் சிற்றூரின் மேயராக அமர்ந்தார். இந்தியருக்கு அவர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தாமும் உண்டார் என்றே நாம் இதைக் கொள்ளலாம். பெரிய பதவிக்கு ஏணிப்படியாகவே நகரசபை நாற்காலியைக் கருதும் நம் அரசியல்வாதிகள் இதைச் சிந்திப்பார்களாக.

அவரைத் தெய்வமாக்கும் எண்ணம் நமக்கில்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் நிலைக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. படித்த இந்தியரின் அதிருப்திக்குப் போக்கிடம் தேடித் தருவதும் அவருடைய தீர்மானத்தின் உள்நோக்கங்களில் ஒன்று. முழுச் சுயராஜ்யத்தை அவர் கனவிலும் கருதவில்லை. என்றாலும், தாம் எண்ணியதற்கு மேலாகவே அவர் விதைத்துவிட்டார்.

திருப்பூருக்கு என்ன பாடம்?

திருப்பூர் 1917-இல் முனிசிபாலிட்டியாயிற்று, 2008-இல் மாநகராட்சியாயிற்று. 2011-இல் பதினைந்து வேலம்பாளையம், நல்லூர் முனிசிபாலிட்டிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் அதனுடன் இணைந்தன. 1993-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்களும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ரிப்பன் கனவு காணாத உரிமைகளைத் தந்துள்ளன. வயது வந்த ஒவ்வொரு வோட்டரும் கிராம சபையின் அங்கத்தினர். 2016-இல் பெண்களுக்குப் பாதி இடங்களும் சட்டமாயின.

ஆனால் அளவுகோல் என்ன ஆயிற்று? கிராம சபைக்குக் கோரம் என்று ஒரு கணக்கு உண்டு. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊருக்கு 50. மூவாயிரம் வரை 100. பதினாயிரம் வரை 200. அதற்கு மேல் 300. இது தேவையானதே. ஆனால் தலையை எண்ணும் கணக்கு, தலைக்குள் இருந்த எண்ணம் முடிவில் ஏறியதா என்பதைச் சொல்லாது. பழைய ஜில்லா போர்டுப் பட்டியலின் வாரிசாகவே இது நமக்குத் தோன்றுகிறது.

இன்னொரு விந்தையைக் கேளுங்கள். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை திருப்பூர் மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலே இல்லை. தனி அலுவலரே கவுன்சில். அந்தக் காலத்தின் நடுவே, 2017 ஜூனில், மத்திய சர்க்காரின் ஸ்மார்ட் சிட்டி போட்டியில் திருப்பூர் தேறியது. அப்போட்டியில் குடிமக்களைக் கலந்துகொண்ட விதமும் மதிப்பெண்ணுக்குரிய அம்சங்களுள் ஒன்று. ஜனப் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நகரமும் ஜனப் பங்கேற்பில் மதிப்பெண் பெறலாம் என்றால், கோலில் ஏதோ கோணல் இருக்கிறது என்பதில் ஐயமுண்டோ? ஊராட்சிகளின் கதையும் வேறன்று. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. புதிய தேர்தல் நடவாமலே பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. 1882-இல் ரிப்பன் நாற்காலியிலிருந்து எழுப்ப முயன்ற அதே அதிகாரி மீண்டும் வந்து அமர்ந்தார்.

நகருடன் இணைந்த ஊராட்சி ஜனங்களைப் பாருங்கள். 2011 வரை அவர்களுக்குக் கிராம சபை இருந்தது. நகரவாசிகளானதும் அது போயிற்று. வார்டுகளில் பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடியது 2022 நவம்பர் 1-ஆம் தேதி. பதினோராண்டுகள் வரியை மட்டும் நகரத்துக்குக் கொடுத்தனர்; தாமே நேரில் கூடிப் பேச அவர்களுக்குச் சட்டபூர்வமான இடமில்லை.

ஆகவே ரிப்பனின் கொள்கையிலிருந்து நாம் நான்கு கேள்விகளை வகுத்துக்கொள்வோம். முதலாவது: விஷயம் ஜனங்களிடம் வந்தது முடிவுக்கு முன்பா, பின்பா? டெண்டர் முடிந்தபின் சபையில் வாசிக்கப்படும் திட்டம் செய்தியாகுமேயன்றி ஆலோசனையாகாது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்க அம்மையார் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படியுள்ள ஏணியாக வகுத்தார். ஏமாற்றுவது அடிப்படி, ஆட்சி ஜனங்களின் கைக்கு வருவது மேற்படி. அறிவிப்பதும் அபிப்பிராயம் கேட்பதும் நடுப்படிகளே. நம் சபைகள் எந்தப் படியில் நிற்கின்றன என்பதை ஒவ்வோர் ஊராரும் தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது: பேசியவர் யார்? கிராம சபைக்கும் பகுதி சபைக்கும் வோட்டர்களே அங்கத்தினர். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தொழிலாளரில் பெரும்பாலோரின் வோட்டு சொந்த ஊரிலே இருக்கிறது. அவர்கள் குடிப்பது இந்த ஊர்த் தண்ணீர். குடியிருப்பது இந்த ஊர்ச் சந்து. ஹட்டர்ஸ்பீல்டில் ரிப்பன் கண்ட வோட்டில்லாத நெசவாளி இன்று திருப்பூரில் வேறு மொழி பேசுகிறான். தமிழ்த் தொழிலாளிக்கும், இரவு ஷிப்ட் முடித்து வந்த பெண்ணுக்கும் சபை கூடும் வேளை ஒத்து வருகிறதா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது: சபையின் தீர்மானம் என்ன ஆயிற்று? சென்ற கூட்டத்தில் நிறைவேறியவற்றுள் எத்தனை நடந்தன, நடவாதவற்றுக்குக் காரணம் என்ன என்பதை அடுத்த கூட்டத்தில் முதல் காரியமாக வாசிக்க வேண்டும். பதில் பெறாத தீர்மானம் மூலையில் போட்ட மனுவே. இந்த ஒரு கணக்கைப் பத்தாண்டு எழுதி வைத்தால், வருகைப் பதிவேடு நூறாண்டில் சொல்லாததை அது சொல்லிவிடும்.

நான்காவது: ஜனங்களைப் பாதிக்கும் விஷயம் சபையின் அதிகாரத்துக்குள் அடங்கியிருந்ததா? நொய்யலின் கதை இதற்கு உதாரணம். ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்திற்காகக் கட்டப்பட்டது; சாயக் கழிவுநீர் அதில் தேங்கிற்று. மேலே சாயப்பட்டறை ஒரு சபையின் எல்லையில். கீழே பாழான வயல் வேறொரு சபையின் எல்லையில். கீழ்ப்பக்கத்து விவசாயிகள் தம் ஊரில் எத்தனை தீர்மானம் போட்டாலும் மேற்பக்கத்துக் குழாயை அடைக்க அதற்குச் சக்தியில்லை. ஹைகோர்ட்டின் வாசலுக்கே அவர்கள் போக நேர்ந்தது. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நிலமிழந்த விவசாயியும் துன்பப்பட்டான். வேலையிழந்த தொழிலாளியும் துன்பப்பட்டான். இருவரும் ஒரே மேடையில் அமர்ந்து தொடக்கத்திலேயே பேசித் தீர்மானிக்க ஒரு ஸ்தாபனம் இருந்திருந்தால் கோர்ட்டுக்கு அங்கே என்ன வேலை?

இக்கேள்விகளுக்கு விடை எழுத எந்தச் சர்க்காரின் உத்தரவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு ஊராட்சியிலும் எழுத்தறிந்த ஊழியர் இருவர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் சபைக்குச் சென்றால் போதும். முடிவுக்கு முன் கேட்டார்களா, யார் பேசினர், என்ன பதில் வந்தது, எது சபையின் கைக்கு எட்டாமல் போயிற்று என்று நான்கு பத்திகளில் குறித்து வரட்டும். அந்தப் புத்தகத்தை அடுத்த சபையில் ஜனங்களின் முன்னிலையில் உரக்க வாசிக்கட்டும். ரிப்பன் தீர்மானத்தை எழுதினார்; அதை அளக்கும் பொறுப்பை அதிகாரிகளிடம் விட்டதால் அது மெலிந்தது. அப்பொறுப்பை இம்முறை நாமே ஏற்றுக்கொள்வோமாக.